கடலுக்கு அப்பால் கஞ்சியும் ரசமும்



அந்தமானின் தலைநகரமாகிய போர்ட் பிளேரை, 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்குகின்றனர். அந்நகரை ஒட்டியது சாத்தம் தீவு. 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மர அறுவை ஆலையால் பெயர் பெற்ற இடம் அது. அங்குள்ள படகுத்துறையிலிருந்து துறைமுக நீர்ப்பரப்பைக் குறுக்கே கடந்தால், கால் மணி நேரத்தில் பாம்பூஃப்ளாட் வந்துவிடும். சாலை வழியே சுற்றி வருவதானால் பல மடங்கு தொலைவு. ஆகவே எங்கள் ஊரில் விருந்தினர் வருகை என்பது படகு வரும் நேரத்தைப் பொறுத்தது. படகு கரையைத் தொட்டதும் வாகனங்கள் இறங்கும், மீன்கூடைகள் இறங்கும், அவற்றின் பின்னே, வருவதாகச் சொல்லாமலே வந்த உறவினர் ஒருவரும் இறங்குவார். கடைசிப் படகு போய்விட்டால் அவர் இரவு இங்கேதான் தங்கியாக வேண்டும். அவருக்கு என்ன கொடுப்பது? வீட்டாரும் நண்பரும் கூடி அமர்ந்து உண்ணுகின்ற, உடலுக்கும் மனத்துக்கும் இதம் தருகின்ற எளிய வீட்டுணவைப் பற்றியே இன்று பேச இருக்கிறோம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றலாம். 'எங்கள் ஊரிலும் தமிழ்க் கடைகள் உள்ளன. புளியும் பருப்பும் கிடைக்கின்றன. இதில் பேச என்ன இருக்கிறது?' என்பீர்கள். உண்மைதான். உங்களுக்கு இரயில் இருக்கிறது. எங்களுக்கும் தமிழகத்துக்கும் இடையே கிடப்பது வங்கக் கடல். சென்னையிலிருந்து புறப்படும் கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், கொத்தமல்லி விதை, நல்லெண்ணெய் ஆகியவற்றில் பெரும்பாலானவை சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வருபவை. புயற்சின்னம் தோன்றிக் கப்பல் தாமதித்தால் வெங்காயத்தின் விலை முதலில் ஏறும். அடுத்து வீட்டுக்காரியின் குரல் ஏறும். தீவில் நெல் விளைகிறது. போதுமான அளவு விளையவில்லை. தேங்காய், பாக்கு, வாழை, மரவள்ளி, பலா, மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை, சாதிக்காய் ஆகியவற்றை மண் தாராளமாகத் தருகிறது. மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் இத்தீவுகளில் 3,80,581 பேர் இருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பொதுப்பணி, காட்டு வேலை, துறைமுக வேலை, வணிகம் ஆகியவற்றை நாடி வந்தோர் பலர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோரில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. வங்காளியர், தெலுங்கர், 1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இங்கே கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த இராஞ்சி மக்கள் ஆகிய எல்லாரும் எங்கள் அயலார். தெருவில் எல்லாரும் பேசுவது இந்தி. வீட்டுக்குள் அவரவர் மொழி. அதுவும் இப்பொழுது அடுப்பங்கரை அளவில் சுருங்கி வருகிறது. இதைப் பிறகு சொல்வோம்.

முதலில் வந்தவருக்கு ஒரு குவளை ஏதேனும் கொடுக்க வேண்டுமல்லவா? எங்கள் ஊரில் பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடும். கடிகாரம் இந்தியா முழுமைக்கும் ஒன்று. கதிரவனோ கிழக்கே கிடக்கும் எங்களை முதலில் கண்டு, முதலில் விடைபெறுகிறான். குளிர்காலத்தில் மாலை 5 மணியளவிலேயே விளக்கேற்ற வேண்டும். மே முதல் டிசம்பர் வரை மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. நனைந்து படகிலிருந்து இறங்கியவருக்குச் சுக்குமல்லிக் காப்பியைவிட ஏற்றது வேறில்லை. காப்பி என்று பெயர் இருப்பினும் காப்பிக் கொட்டைக்கு அதில் இடமில்லை. கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், சீரகம் 10 கிராம், நான்கைந்து ஏலக்காய். மல்லியை மணம் எழும் வரை வெறுஞ்சட்டியில் வறுக்க வேண்டும், கருக விடலாகாது. சுக்கைத் தட்டி, யாவற்றையும் சற்றே கரகரப்பாகப் பொடி செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒன்றேகால் குவளை நீர், ஒரு தேக்கரண்டிப் பொடி. நீர் ஒரு குவளையாகச் சுண்டும் வரை கொதிக்க வைத்து, கருப்பட்டி சேர்த்துக் கரைந்ததும் வடிகட்டுவது முறை. கருப்பட்டியில் மணல் இருக்குமாதலால் அதைத் தனியே கரைத்து வடித்துச் சேர்ப்பது நலம். பால் வேண்டா. எங்கள் ஊரில் விளையும் கிராம்பு ஒன்றை நாங்கள் உடன் இடுவதுண்டு. பெரியவர்கள் சிலர் இதற்கு முகம் சுளிப்பர். குடித்து முடித்தபின் மறு குவளை கேட்பர்.

கருப்பட்டியைக் காப்பது இங்கே ஒரு கலை. உடன்குடியிலிருந்து வந்த வட்டை, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பத்து நாளில் கசியத் தொடங்கும். முன்னாளில் விறகடுப்புக்கு மேலே உறி கட்டி அதில் வைப்பர். எரிவாயு அடுப்பு வந்தபின் அந்தப் புகையும் இல்லை, உறியும் இல்லை. அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியில் வறுத்த அரிசியை அடியில் பரப்பி, அதன்மேல் காகிதத்தில் சுற்றி வைக்கிறோம். வறுத்த அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மாதம் ஒருமுறை அரிசியை மாற்றினால் போதும்.

இனி ரசம். விருந்தினர் வந்த இரவில், பயணக் களைப்பில் 'பசியில்லை' என்பவரையும் இரண்டு கை உண்ணச் செய்வது ரசச் சோறு. உலகம் இதை அறியும். மிளகுத் தண்ணீர் என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் 'முல்லிகட்டானி' ஆகி, இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த ஒரு சூப்பின் பெயராயிற்று. கஞ்சியும் அவ்வாறே 'காஞ்சி' என்று அவர்கள் அகராதியில் ஏறிற்று. களைத்தவருக்கும் நோயுற்றவருக்கும் நாம் கொடுக்கும் இரண்டு பொருள்களின் பெயரைப் பிறர் கடன் வாங்கியிருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ரசத்துக்குக் கொத்தமல்லித் தழை வேண்டும். ஓயாத மழையில் தோட்டத்து மல்லித் தழை அழுகிப் போகிறது. ஆனால் தீவின் வீட்டுப் புறக்கடைகளில் வேறொரு செடி தானே முளைக்கும். நீண்ட இலை, ஓரத்தில் முள்போன்ற பல், தரையை ஒட்டிய வளர்ச்சி. மணமோ மல்லித் தழையின் மணமே, சற்று முரடாக. இங்கே எல்லாரும் அதைப் பர்மா தனியா என்கின்றனர். பெயர் பர்மாவைச் சுட்டினும், செடியின் பிறப்பிடம் அமெரிக்க வெப்பமண்டலம். முதல் தலைமுறைத் தாய்மார் இதைக் கண்டு, 'மூட்டைப்பூச்சி வாடை' என்று ஒதுக்கினார்கள். வங்காளி அயலார் மீன்குழம்பில் இடுவதைப் பார்த்த பின்னரே மனம் இளகினார்கள். இதற்கு ஒரு தனிக்குணம் உண்டு. மல்லித் தழையைக் கொதியில் இட்டால் மணம் போய்விடும்; ஆகையால் இறக்கியபின் தூவுகிறோம். பர்மா தனியா கொதியைத் தாங்கும். இரண்டே இலை, ரசம் நுரைத்து எழும் தறுவாயில் கிள்ளிப் போட்டால், நான்கு பேருக்கான ரசமும் மணக்கும்.

புளி தீர்ந்த நாளில் பிலிம்பிக்காய் கை கொடுக்கிறது. நாஞ்சில் நாட்டார் இதைப் புளிச்சிக்காய் என்பர். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் சிறு பச்சைக்காய். நான்கு பேருக்கு ஆறு அல்லது எட்டுக் காய்களை வேகவைத்து மசித்து, பருப்பு வெந்த நீரில் கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு நுரை கட்டும் வரை வைத்து இறக்கலாம். தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்க வேண்டும். பொங்கிக் கொதிக்க விட்டால் ரசம் கெடும் என்பது எந்தப் புளிப்புக்கும் பொது. இப்படிச் செய்ததை ரசம் என்று சொல்லலாமா என்று எங்களுக்குள் வழக்கு உண்டு. 'புளி இல்லாதது ரசமா? ஊரில் எவரேனும் இப்படிச் செய்வாரா?' என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். எங்கள் கருத்தை வெளிப்படையாகவே கூறுகிறோம். அது ரசமே. நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாய், கடல் கடந்து, போர்த்துகீசியர் வருகைக்குப் பின் வந்தது. மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்து, 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளின் ஆதரவால் தெற்கே வேரூன்றிற்று. இன்று மிளகாயை விட்டால் நமக்குக் குழம்பில்லை. பொருள் எங்கிருந்தும் வரலாம். நுரை கட்டும் கணத்தில் இறக்கத் தெரிந்த கையைத்தான் ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம்.

கஞ்சியைப் பற்றிச் சொல்லும்போது விளையாட்டுப் பேச்சு நின்றுவிடுகிறது. 1942 முதல் 1945 வரை இத்தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. கப்பல் வரத்து முறிந்தது, அரிசி அருகிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உயிர் காத்தன என்று பழங்குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நினைவினாலோ என்னவோ, புறக்கடையில் நாலு மரவள்ளித் தண்டு ஊன்றாத பழைய வீடு எங்கள் பக்கம் அரிது. மரவள்ளியைத் தோலுரித்து, துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் நிறைய நீர் விட்டு வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் உள்ள நச்சுத்தன்மை அவ்வாறே நீங்கும். கசக்கின்ற கிழங்கை அறவே ஒதுக்குக. வெந்ததை மசித்து, தேங்காய்த் துருவலும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துக் கிளறி, மீன்குழம்போடு பரிமாறினால் மாப்பிள்ளைமார் வீட்டு விருந்தினரும் நம் வீட்டு விருந்தினரும் ஒரே பாயில் அமர்வர்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நில நடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. தென் அந்தமானில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்ந்த வயல்களில் உட்புகுந்த கடல்நீர் திரும்பிப் போகவில்லை. நிக்கோபார்ப் பக்கத்துத் தீவுகளிலிருந்து, உடுத்த துணியோடு மக்கள் வந்து இறங்கினர். அந்நாள்களில் எங்கள் தெருவில் பெரும்பானை ஏறியது. பருப்பு யாரிடம், அரிசி யாரிடம் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு பங்கு நொய்யரிசிக்குக் கால் பங்கு சிறுபயறு, பத்துப் பங்கு நீர், ஒரு கரண்டி வெந்தயம், உரித்த பூண்டு. குழைந்து வந்ததும் உப்பும் தேங்காய்ப்பாலும். தொட்டுக்கொள்ளச் சுட்ட தேங்காயும் வற்றல் மிளகாயும் வைத்து அரைத்த துவையல். பேச முடியாமல் அமர்ந்திருந்தவர்கள் அதை மெல்லக் குடித்தனர். குடித்தபின்தான் சிலர் அழுதனர். எந்த மொழியினருக்கும் கஞ்சியை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே கஞ்சி சிறிது கறிமசாலைப் பொருளோடு, நோன்பு மாதத்தில் முஸ்லிம் அயலார் இல்லங்களிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் எங்களுக்கு வருகிறது. பொங்கல் நாளில் அந்தப் பாத்திரம் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிப் போகிறது.

வற்றல், வடகம் பற்றிச் சுருங்கச் சொல்கிறோம். தை முதல் பங்குனி வரைதான் எங்களுக்கு உறுதியான வெயில். அந்த மூன்று மாதங்களில் கூழ் கிண்டி வடகம் பிழியாதவர், ஆண்டின் மிச்ச நாளெல்லாம் அயல்வீட்டுத் தகரப் பெட்டியை நோக்கியிருக்க வேண்டியதுதான். அதே வறண்ட காலத்தில்தான் பங்குனி உத்திரம் வருகிறது. அக்கரையில் வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும். அன்று பானகமும் நீர்மோரும் வேண்டும். வெல்லம் 100 கிராமுக்கு நான்கு குவளை நீர், கால் தேக்கரண்டிச் சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய், ஓர் எலுமிச்சம்பழம், கிள்ளு உப்பு என்பது பானகம். நீர்மோருக்குத் தயிர் ஒரு பங்கு, நீர் நான்கு பங்கு. இந்தப் புழுக்கத்தில் தயிர் விரைந்து புளிக்குமாதலால் காலையில் கடைந்ததை நண்பகலுக்குள் பரிமாறிவிட வேண்டும்.

இப்பொழுது, முன்பு நிறுத்திய செய்திக்கு வருவோம். தீவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் தெருவிலும் விளையாட்டிலும் இந்தி பேசுகின்றனர். அதில் குறை காண்பதற்கில்லை. அண்டை அயலாரோடு வாழ அது வேண்டும். ஆயினும் ஒரு பேரன், இலையில் ஊற்றிய ரசத்தைப் பார்த்து 'இம்லி கா பானி' என்று சொன்னபோது வீட்டில் எல்லாரும் சிரித்தனர். அவனுடைய பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவரோ அடுப்பங்கரையில் ஒரு நாளில் எத்தனை வினைச்சொற்களைக் கையாளுகிறார்! அவி, வறு, பொரி, வதக்கு, வாட்டு, சுடு, சுண்டவை, தாளி, மசி, கடை, குழைய விடு. ஒவ்வொன்றும் ஒரு தனிச் செயல். ஒன்றுக்கு மற்றொன்று நிற்காது. இச்சொற்களைப் பாடநூல் வழியே கற்பிக்க முடியும் என்று நாங்கள் நம்பவில்லை. வதக்குவதற்கும் வறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டியும் மூக்குமே கற்பிக்கும். ஆகவே எங்கள் தெருவில் சில வீடுகளில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். ஞாயிறு மாலை விருந்தினர் வந்தால், சுக்குக் காப்பியும் ரசமும் பிள்ளைகள் பொறுப்பு. பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து வாயால் மட்டும் சொல்ல வேண்டும், தமிழில். எழுந்து போய்க் கரண்டியைப் பிடுங்கலாகாது. பெரியவர்களுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கிறது. 'பாட்டி, நுரை கட்டிருச்சு, இறக்கவா?' என்று உள்ளிருந்து குரல் வரும்போது, பாதி எழுந்தவர் மீண்டும் அமர்கிறார்.

அளவு ஒரு தொல்லை. 'ஒரு ஆழாக்கு' என்றால் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. நம் நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-ஆம் ஆண்டில் வந்தது. பாட்டிமார் கைகளுக்கு அச்சட்டம் இன்னும் எட்டவில்லை. படியளவு ஊருக்கு ஊர் மாறும். ஒரு கணக்கில் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர், உழக்கு அதைப்போல் இருமடங்கு, படி எட்டு ஆழாக்கு. 'ஒரு கைப்பிடி' என்பதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. பாட்டியைப் பருப்பை அள்ளச் சொல்லி, அள்ளியதைத் தராசில் இட்டு, எண்ணை நோட்டில் எழுதிவிட்டோம். ஒருவர் கை 40 கிராம், மற்றொருவர் கை 55. இரு வீட்டுச் சாம்பாரும் ஏன் வேறுபடுகின்றன என்பது பல்லாண்டுகளுக்குப் பின் அன்று தெரிந்தது. பிற மாநிலங்களில் வாழும் நீங்கள், பெரியவர்கள் உங்களோடு இருக்கும்போதே இதைச் செய்துகொள்ளலாம். தராசும் ஒரு நோட்டும் போதும்.

தீவுக்கு உறவினரைப் பார்க்க வருவோர் மூட்டையில் என்ன கொண்டுவரலாம் என்று கேட்கிறார்கள். மல்லிவிதை, சுக்கு, கருப்பட்டி, நல்லெண்ணெய், காய்ந்த சுண்டைக்காய் வற்றல். பொடியாக அரைத்துக் கொண்டுவர வேண்டா. கப்பலின் ஈரக்காற்றில் மூன்றே நாளில் மணம் இறங்கிவிடும். முழுதாகக் கொண்டுவந்தால் இங்கே நாங்கள் வறுத்து அரைத்துக்கொள்வோம். திரும்பும்போது உங்களுக்குத் தர எங்களிடம் கிராம்பும் மிளகும் சாதிக்காயும் உண்டு. படகில் வருவதாக முன்கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.